நோன்பு விரலின் அளவு

மோதிரம் என் விரலின் நடுக் கணுவில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற மறுத்தது. என் இடக்கையைப் பிடித்திருந்தவர் எனக்கு மாமியாராக வரவிருந்த பெண்மணி. அப்போதே அவரை நான் மாமி என்றுதான் அழைத்துவந்தேன். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம்கூட ஆகாத மாலை அது. மோதிரம் போட வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருபுறமும் எங்கள் உறவுப் பெண்கள் மறுபுறமுமாக எங்கள் வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. மாமி ஒருமுறை திருகிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இன்னொருமுறை தள்ளினார். யாரோ சவர்க்காரம் கொண்டுவந்தார்கள், பிறகு தேங்காயெண்ணெய் வந்தது. விரல் சிவந்ததே தவிர மோதிரம் நகரவில்லை. கடைசியில் அதை என் சின்னவிரலில் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமி கதிரையில் அமர்ந்தார். சின்னவிரலில் அது கழன்று விழும் அளவுக்குத் தளர்ந்து கிடந்தது.

மோதிரம் சிறிதாகிப்போவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். காலையில் நகைக் கடையில் கொடுத்தால், அடிப்பக்கத்தில் வெட்டி, ஒரு துண்டு தங்கம் சேர்த்து, மாலையில் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனால் மாமி கொண்டுவந்த மோதிரத்துக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இல்லை. வட்டம் முழுவதும் வெள்ளைக் கற்கள். ஒரு கல் முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கியது. வெட்டுவதற்கு அதில் வெறும் தங்கம் அரிசிமணி அளவுகூட இருக்கவில்லை.

விருந்தினர் தொதலும் தேநீரும் முடித்துப் போனபின் வீட்டில் நெருங்கியவர்கள் மட்டும் எஞ்சினோம்: வாப்பா, உம்மா, உம்மாவின் மூத்த சகோதரியான பெரியும்மா, நான். பெரியும்மா மோதிரத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் எந்தச் சேலையும் எந்தச் சம்பந்தமும் அவருடைய கையால் தடவிப் பார்க்கப்படாமல் உள்ளே வந்ததில்லை.

"இது இவளுக்குச் செஞ்ச மோதிரம் இல்ல," என்றார். "வேற ஒரு புள்ளைக்குச் செஞ்சது. அந்தக் கலியாணம் நிண்டுபோச்சு. மோதிரம் மிஞ்சிப்போச்சு. கொண்டுவந்து இங்க போடப் பாத்திருக்காங்க."

இந்தச் சொல்லுக்கு ஒரு பிடிமானமும் இருந்தது. மாப்பிள்ளைக்கு இதற்கு முன்பு கண்டக்குழியில் ஒரு சம்பந்தம் பேசி அது கைகூடாமல் போனதை அவர்களே எங்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். வாப்பா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு கலியாண அழைப்புக் கடிதம் அடிக்கக் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிவைப்போம், விசாரித்துத் தெளிவோம் என்றார். என் திருமணம் நடக்குமா என்பது அந்த நிமிடத்திலிருந்து அந்த மோதிரத்தின் மேல் தொங்கியது.

பெரியும்மா வாய் திறந்து சொல்லாத ஒன்றும் அந்த அறையில் இருந்தது. நாங்கள் புத்தளத்தின் பழைய குடும்பம், ஊர் ஆக்கள். அவர்கள் தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து ஆயுத இயக்கத்தால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்த பின்னும், அவர்களுக்கு இந்த ஊரில் வந்த ஆக்கள் என்றுதான் பெயர். மாப்பிள்ளை படகு இயந்திரம் திருத்துபவர். நான் பட்டதாரி, பெண்களின் சிறுதொழில் சங்கங்களைப் பார்க்கக் கிராமம் கிராமமாகப் போகும் வேலையில் இருக்கிறேன். என் விருப்பத்தைக் கேட்டு, பல நாள் யோசித்தே வாப்பா இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்திருந்தார். அது முறிந்தால் ஒரு கலியாணம் நின்றதாக மட்டும் ஊர் பேசாது. வந்த ஆக்கள் ஒருத்திக்குச் செய்த மோதிரத்தை இன்னொருத்திக்குப் போட வந்தார்கள் என்று பேசும். இப்படியொரு சொல் ஒரு கிணற்றையோ ஒரு சங்கத்தையோ எத்தனை ஆண்டுகளுக்கு இரண்டாக்கி வைக்கும் என்பதை என் வேலையில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். அடுத்து எந்த ஊர் வீட்டிலும் அவர்கள் வாழும் குடியேற்றத்துப் பெண்ணுக்கோ பையனுக்கோ இடம் பேசும்போது எங்கள் மோதிரம் உதாரணமாக எடுத்துவைக்கப்படும். ஆகவே இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாமி அளவெடுத்த நாளை நான் நன்றாக நினைவில் வைத்திருந்தேன். நோன்பின் கடைசிப் பகுதி. நோன்பு திறக்கும் கஞ்சியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். குசினி அடுப்படியில் என் பக்கத்தில் அமர்ந்து, கதைத்துக்கொண்டே தன் முந்தானை விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவினார். விளையாட்டுப்போல அதை என் விரலில் சுற்றினார், முடிச்சுப் போட்டார், கழற்றிப் பேர்சில் வைத்துக்கொண்டார். பெண்வீட்டில் வாய்விட்டு மோதிர அளவு கேட்பது மரியாதையாகாது என்பதால் அந்தச் சுற்றுவழி. எனக்குப் புரிந்தது, புரியாததுபோல் இருந்தேன்.

அன்றுதான் ஏன் சுற்றிவரக் கல் வைக்க நினைத்தார் என்பதையும் சொன்னார். மன்னாரில் படகேறுமுன் உடம்பில் கிடந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஏற முடிந்தது. மணமாகி அதிக காலம் ஆகாத அவருடைய மோதிரமும் அதில் போயிற்று. பிறகு முகாமில் கிடுகுக் குடிலில் வாழ்ந்த காலத்தில் கலியாண வீடுகளுக்குப் போக அயல்வீட்டுக்காரி தன் மோதிரத்தை இரவல் கொடுப்பாளாம். மேற்பக்கம் மட்டும் கல் வைத்தது. மெலிந்த விரலில் நில்லாமல் சுழன்று, வெறும் பக்கம் மேலே வந்துவிடும்.

"பெருவிரலால திருப்பித் திருப்பியே இருப்பன், மகள். சாப்பாட்டில மனம் போகாது," என்றார். "என்ட மகனுக்கு வாற புள்ளட மோதிரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லுத்தான் தெரியோணும் எண்டு அப்பவே நெனச்சன்."

அந்தக் கற்களைப் பேருவளையிலிருந்து வந்துபோகும் ஒரு மாணிக்க வியாபாரியிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். இவ்வளவையும் செய்த ஒருவர் வேறொருத்தியின் மோதிரத்தை என் விரலில் மாட்ட வருவாரா? வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அறிவது வாப்பாவுக்குப் போதாது, பெரியும்மாவுக்கு ஒருபோதும் போதாது.

விசாரிக்கிறார்கள் என்ற செய்தி மாமியின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாளே அந்த நூலை எடுத்துக்கொண்டு வந்தார். முடிச்சு அவிழாமல் இருந்தது. மோதிரத்தின் மேல் வைத்துப் பார்த்தோம், உள்வட்டமும் நூலும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. மோதிரத்தைச் செய்த பத்தர் தவறு செய்யவில்லை என்பது மட்டும் அதில் தெரிந்தது. நூலை யாரும் எந்த நேரத்திலும் முடிந்துகொள்ளலாம் என்று, மாமி படி இறங்கிய பிறகு பெரியும்மா சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. வாப்பாவைப் பார்த்துக் கேட்டேன்:

"ஊர் வீட்டுல இருந்து ஒரு மோதிரம் வந்து, அது விரலுக்குச் சின்னனா இருந்தா, இப்பிடி நூல் கேட்பமா வாப்பா?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். அநீதியை உணர்ந்தும் அதிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாத மனிதருடைய நடையாக அது எனக்குப் பட்டது. இறங்குவதற்கு ஒரு படியை நானே தேடிக் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் படி எலுவன்குளத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் கிடைத்தது. குளத்தடிப் பெண்களின் கூட்டமொன்றை முடித்துவிட்டு வெயிலில் நின்று பஸ் ஏறியிருந்தேன். கைக்கடிகாரத்தின் தோல்வார் மணிக்கட்டை இறுக்கியது. ஒரு துளை தளர்த்தினேன். அப்போது அந்த வாரில் கொக்கி அழுந்திய இன்னொரு தடம் கண்ணில் பட்டது. நான் இப்போது போட்டிருந்ததைவிட உள்ளே தள்ளி, இறுக்கமான துளையில். நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில், கடிகாரம் மணிக்கட்டில் நில்லாமல் சரிந்தபோது, நான்தான் அதை அந்தத் துளைக்கு மாற்றியிருந்தேன். பெருநாள் வட்டிலப்பத்துக்கும் பிரியாணிக்கும் பிறகு அந்தத் துளை எனக்கு எட்டவேயில்லை. மணிக்கட்டு அப்படி மெலிந்திருந்தால் விரல்?

மாமி அளவெடுத்த நேரத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். நோன்பு மாத இறுதி, அசருக்குப் பிறகு, விடியலிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் இறங்காத உடம்பு. ஆண்டின் எல்லா நாட்களிலும் என் விரல் மிக மெலிந்திருந்த நேரத்தைத் தேடிப் பிடித்து அளந்ததுபோல் ஆகியிருந்தது. நோன்புக் கஞ்சியோடு சம்பந்தி வீட்டுக்குப் போகும் வழக்கம் உள்ள எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இப்படியொரு பிழை வாய்க்கும். பஸ்ஸில் தனியாகச் சிரித்த என்னைப் பக்கத்து இருக்கைப் பெண் ஒருமாதிரியாகப் பார்த்தார்.

இதை வீட்டில் சொன்னபோது உம்மா உடனே ஒத்துக்கொண்டார். அவருடைய காப்புகளும் நோன்பில் சரிகின்றனவாம். பெரியும்மா, படித்த புள்ளைக்குக் கதைக்கவா சொல்லித்தர வேண்டும் என்றார். அப்போது நான் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். பெண்களுக்கு நோன்பு மாதத்தில் விடுபட்டுப்போகும் நாட்கள் உண்டு. அவற்றை நாங்கள் பின்னால் களாவாக நோற்றாக வேண்டும். என் மேல் அந்தக் கடமை நிலுவையாக இருந்தது. அவற்றை இப்போதே தொடர்ந்து நோற்கிறேன், நாள்தோறும் அசருக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் மோதிரத்தைப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

வாப்பா புருவத்தைச் சுருக்கினார். வணக்கத்தை ஒரு மோதிரத்துக்காகச் செய்வதா என்று கேட்டார். இது நானும் எனக்குள் கேட்டுத் தீர்க்க முயன்ற கேள்விதான். இந்த நோன்பு எப்படியும் என் மேல் இருந்தது. நிய்யத், மனதில் வைக்கும் எண்ணம், அதற்குரியது, விரல் மெலிவது அதன் நோக்கமாகாது, அதோடு கூட வருவது. அதேசமயம், ஒரு பெண்ணின் நேர்மையை நிறுவ நாங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதே வெட்கம் என்பதையும் வாப்பாவிடம் மறைக்கவில்லை. நிறுவாமல் விட்டால் அந்த வெட்கத்தை மாமி சுமப்பார் என்பதால் நான் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தேன். வாப்பா யோசித்துவிட்டு, நிய்யத் உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது, அதைச் சுத்தமாக வைத்துக்கொள் என்றார். பெரியும்மா தினமும் வந்து பார்ப்பதாக அறிவித்தார்.

முதல் நாள் மோதிரம் ஏறவில்லை. கணு வரை வந்து, முன்புபோலவே நின்றது. பெரியும்மா தன் வீட்டிலிருந்தே சவர்க்காரம் கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துக்காட்டி, "விரலுக்கு இன்னும் நோம்பெண்டு தெரியல்ல போல. நீதான் போய்ச் சொல்லோணும்," என்றார். உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு உள்ளூரப் பயம் வந்தது. நாளையும் மறுநாளும் இப்படியே நின்றுவிட்டால், மாமிக்காக நான் எடுத்த சாட்சி அவருக்கு எதிராகவே எழுதப்பட்டுவிடும். நல்ல நோக்கத்தோடு செய்யும் காரியத்தின் கேடு செய்தவரைச் சேராமல் மற்றவரைப் போய்ச் சேரும் என்பதை நான் போதிய அளவு எடைபோடாமல் தொடங்கிவிட்டேனோ என்று தோன்றியது. ஆனாலும் பாதியில் நிறுத்துவது அந்தக் கேட்டை உறுதிப்படுத்துவதாகவே இருக்கும். தொடர்வதென்று தீர்மானித்தேன்.

நோன்புக்காக விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டை யோசித்தபோது ஒன்று தெளிந்தது. அன்று சோற்றோடு கருவாட்டுப் பொரியல் தின்றிருந்தேன். நோன்பு மாதத்தில் தாகம் எடுக்கும் என்று உம்மா சஹருக்குக் கருவாடு வைப்பதேயில்லை. உப்பு தின்றால் உடம்பு நீரைப் பிடித்துவைக்கும் என்பதை உப்பளத்து ஊரில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அன்றிலிருந்து சஹருக்குச் சோறும் பருப்பும் தயிரும் மட்டும்.

இதற்கிடையில் மாமி வந்துவிட்டார். இம்முறை நூலும் இல்லை, பலகாரமும் இல்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"என்னால நீங்க பட்டினி கிடக்காதீங்க, மகள். மோதிரத்தக் கொண்டுபோறன். வேற ஒண்டு செஞ்சு தாறன். பிழை என்ட எண்டே நான் சொல்லிர்றன்."

மோதிரம் திரும்பிப் போனால் பெரியும்மாவின் சொல்தான் இந்த வீட்டில் தங்கும் என்றேன். நான் பட்டினி கிடக்கவில்லை, என் கடனை அடைக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருநாளுக்குப் பிந்திய ஆறு நோன்பைத் தானும் இன்னும் முடிக்கவில்லை, நாளையிலிருந்து உங்களோடு சேர்ந்து நோற்கிறேன் என்றார். "ஓம், மாமி," என்றேன்.

அதன்பின் மாலைதோறும் எங்கள் வீட்டுக்கு அசருக்குப் பின் ஒரு ஒழுங்கு வந்தது. மாமி த்ரீவீலரில் வந்து இறங்குவார். பெரியும்மா அடுத்த தெருவிலிருந்து நடந்து வருவார். இருவரும் எதிரெதிர்க் கதிரைகளில் அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல் என் விரலைப் பார்ப்பார்கள். ஒருநாள் மோதிரம் கணுவின் மேல் பாதி ஏறியது. பெரியும்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மௌனமே எனக்கு ஒரு முன்னேற்றமாகத் தெரிந்தது. மறுநாள் காலை கடிகார வாரை இறுக்கிப் பார்த்தேன். கொக்கி பழைய நோன்புத் துளைக்குள் போய் விழுந்தது.

அன்று அசருக்குப் பிறகு மோதிரத்தை நான் பெரியும்மாவிடமே நீட்டினேன். நீங்களே போடுங்கள் என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. வாப்பா வாசலில் நின்றார். பெரியும்மா என் விரலைப் பிடித்து, தோலை ஒருகையால் பின்னுக்கு இழுத்து, மறுகையால் மோதிரத்தைத் தள்ளினார். கணுவில் சற்றுத் தயங்கிய மோதிரம் அதைக் கடந்து, அடிவிரலில் போய் அமர்ந்தது. சவர்க்காரமும் எண்ணெயும் தேவைப்படவில்லை. பெரியும்மா அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கமும் கல்லாகவே வந்தது. மாமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"அளவு இவளுக்கு எடுத்ததுதான்," என்றார் பெரியும்மா. குரலைத் தாழ்த்தவில்லை, வாசலுக்குக் கேட்கவே சொன்னார். சற்றுப் பொறுத்து மாமியைப் பார்த்து, "அளவெடுக்க உங்களுக்கு வேற நேரமா கிடைக்கல்ல?" என்றார். அவ்வளவு நாட்களில் அவர் மாமியோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாமி அழுதுகொண்டே சிரித்தார். நோன்பு திறக்கும் மஹ்ரிப் பாங்கு கேட்டதும் பெரியும்மா பேரீச்சம்பழத் தட்டை எடுத்து முதலில் மாமியிடம் நீட்டினார்.

வாப்பா மறுநாளே கலியாணக் கடிதம் அடிக்கக் கொடுத்தார். விசாரித்தது தவறென்று அவர் சொல்லவில்லை. ஆனால் முதல் கடிதத்தைத் தபாலில் போடாமல், தானே மாமியின் வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்தக் குடியேற்றத்துக்குள் அவர் காலடி வைத்தது அதுவே முதல்தடவை.

இதோடு மோதிரக் கதை முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணினார்கள். நோன்பு முடிந்து, வழக்கம்போலச் சாப்பிடத் தொடங்கியதும் மோதிரம் மறுபடி கணுவைத் தாண்ட மறுத்தது. அதை அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு ஆண்டுதோறும் நோன்பில் எடுத்துப் போட்டுக்கொள், அதிலும் இறைவனின் பரக்கத் இருக்கிறது என்றார் உம்மா. மாமிக்கும் அதுவே விருப்பம். கற்களின் வட்டம் உடையாமல் இருக்குமல்லவா?

எனக்கு அது ஒப்பவில்லை. அந்த மோதிரத்தை நாள்தோறும், வேலைக்குப் போகும் கையில் போடவே விரும்பினேன். மாமியையும் அழைத்துக்கொண்டு புத்தளம் கடைத்தெருவில் அதைச் செய்த பத்தரிடம் போனேன். அவர் முதலில் மறுத்துவிட்டார். இரண்டு கல்லுக்கு நடுவே வெட்டித் துண்டு சேர்த்தால் வட்டத்தின் வளைவு மாறும், வளைவு மாறினால் எல்லாக் கல்லும் தன் இருக்கையில் ஆடத் தொடங்கும், ஒட்டுகிற நெருப்பில் கல் வெடிக்கவும் கூடும் என்றார். அப்படியானால் கற்கள் அத்தனையையும் முதலில் கழற்றுங்கள், வட்டத்தைப் பெரிதாக்கிவிட்டுத் திரும்பப் பதியுங்கள், காலம் எடுத்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் மாமியைப் பார்த்தார். பதிக்கலாம், ஆனால் சேர்க்கிற துண்டில் கல் இருக்காது, உள்ளங்கைப் பக்கம் அது வெறும் தங்கமாகத்தான் நிற்கும் என்றார்.

மாமியின் முகம் மாறியது. வெறும் இடம் என்ற அந்த ஒன்றைத்தானே அவர் இத்தனை காலம் தள்ளிவைத்திருந்தார். இன்னும் கல் வாங்குவோம், அந்த வியாபாரி வரும்வரை பொறுப்போம் என்றார். வியாபாரி எப்போது வருவார், அதே வெள்ளையில் கல் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கலியாண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடை வாங்குப் பலகையில் அமர்ந்து அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

"மாமி, பசிச்ச விரலுக்கு மட்டும் ஏறுற மோதிரம் எனக்கு வேணாம். நீங்க பசியோட இருந்த காலத்துக்கா இதச் செஞ்சீங்க?"

தெருவில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மாமி மோதிரத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் மெல்ல உருட்டினார். இரவல் மோதிரத்தைத் திருப்பித் திருப்பியே பழகிய விரல் அது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பத்தரிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்த வெறும் பக்கம் மேலே சுழன்று வராமல் செய்ய முடியுமா? பத்தர் யோசித்தார். சேர்க்கும் துண்டை வளைவாக இல்லாமல் சற்றுத் தட்டையாக அடித்தால், அது உள்ளங்கைப் பக்கம் படிந்து உட்காரும், சுழலாது என்றார். மாமி மோதிரத்தை அவருடைய மேசையில் வைத்தார்.

"அப்ப வெட்டுங்க."

அளவெடுக்கும் பொறுப்பை மாமி இம்முறையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தரிடமிருந்து அளவு வளையக் கொத்தை வாங்கிக்கொண்டு, உச்சிவெயில் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் என்னைச் சாப்பிட வைத்தார். சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பைத் தானே ஊற்றினார். கை கழுவியதும், வெயிலில் ஒருதரம் தெருமுனை வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். திரும்பிவந்து வேர்த்து நின்ற என் விரலில் வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பெரியும்மா பக்கத்தில் நின்று, "இன்னும் ஒண்டு பெருசு பாருங்க, அவளுக்குப் புள்ள பொறந்தா விரல் இன்னும் தடிக்கும்," என்றார். இருவரும் என் விரலை வைத்துக்கொண்டு விவாதிக்க, எனக்கு அங்கே கருத்துச் சொல்ல இடமிருக்கவில்லை.

மோதிரம் கலியாண நாளுக்குத் தயாராகிவிட்டது. ஆனால் மாமி அதை அன்று கொண்டுவரவில்லை. மறுநாள் தன் வீட்டில் நடக்கும் வலீமா விருந்தில், சாப்பாடு முடிந்த பிறகே போடுவேன் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வழக்கத்தில் மோதிரம் போட்ட பிறகுதான் விருந்து. அதை மாற்றிவைக்க அவருக்கு உரிமை இருந்தது, யாரும் மறுக்கவில்லை.

கற்பிட்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் மணல் ஒழுங்கையில், மாமியின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் உறவுப் பெண்கள் பலர் அந்த ஒழுங்கைக்கு அதற்குமுன் வந்ததில்லை. பாய் விரித்து, பெரிய தட்டுகளில் சஹன் சாப்பாடு வைத்தார்கள். ஒரு தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒன்றாகக் கைவைத்து உண்பது எங்கள் முறை. எங்கள் தட்டில் நான், மாமி, உம்மா அமர்ந்தோம். இன்னும் ஒரு இடம் இருந்தது. எந்தத் தட்டில் உட்காருவது என்று பார்த்துக்கொண்டிருந்த பெரியும்மா, கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு எங்கள் தட்டில் வந்து அமர்ந்தார். மாமி தன் பக்கத்துச் சோற்றை அவர் பக்கம் ஒதுக்கினார். பெரியும்மா ஒரு நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்து என் முன்னால் வைத்தார்.

"நல்லாத் தின்னு. இண்டைக்கு உன்ட விரலுக்கு ஒரு சாட்டும் இருக்கக்கூடாது."

நன்றாகவே தின்றேன். கை கழுவி வந்ததும் மாமி என் இடக்கையைப் பிடித்தார். மோதிரம் கணுவின் மேல் ஒருகணம் நின்றது. மாமியின் கையும் நின்றது. பிறகு அது கடந்து உள்ளே போய், தட்டையான பக்கம் உள்ளங்கைக்குள் படிய, தன் இடத்தில் உட்கார்ந்தது. மாமி வழக்கமாகச் செய்வதுபோலப் பெருவிரலை அதன்மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அது திரும்பவில்லை. கையை விட்டுவிட்டு, பெரியும்மாவுக்கு வட்டிலப்பம் எடுத்துவர எழுந்து போனார்.